எங்க நைனா தாரூ செய்யறாரு

என் வயசுக்காரர்களே, போபோடியிலும் கட்கியிலும் சந்துக்குச் சந்து ஓடி விளையாடிவிட்டு, இப்போது பிம்ப்ரி மெட்ரோ படிக்கட்டைப் பார்த்தாலே முழங்காலைப் பிடித்துக்கொள்கிறவர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். என் பிள்ளைகளிடம் ஆரம்பித்தால் பாதியிலேயே கை போனுக்குப் போய்விடுகிறது.

போன மாதம் மருமகன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். கோயம்புத்தூர்க்காரர், சாகணில் கார் கம்பெனியில் இன்ஜினியர். பெட்டிக்குள் பளபளவென்று ஒரு செம்புப் பானை, ஒரு மூடி, வளைந்த குழாய் ஒன்று. ஆன்லைனில் வரவழைத்தாராம்.

"பூவுல இருந்து வாசனை எண்ணெய் எடுக்கறதுக்குன்னு போட்டிருக்காங்க அத்தை. ஆனா கூட வேலை செய்யறவங்க ஜின் காய்ச்சலாம்னு சொல்றாங்க. வீட்டுல நமக்கு மட்டும் காய்ச்சிக்கிட்டா சட்டப்படி தப்புங்களா?"

"தப்புதான். லைசென்ஸ் இல்லாம சாராயம் காய்ச்சினா இந்த ஊர்ல அன்னிக்கும் தப்பு, இன்னிக்கும் தப்பு. உள்ளே தூக்கி வெச்சிருவான்" என்றேன்.

"உங்களுக்கு எப்படிங்க இவ்வளவு உறுதியாத் தெரியும்?"

"எங்க வீட்ல போலீஸ் ரெய்டே நடந்திருக்கு மாப்பிள்ளை" என்றேன். அவர் வாயைப் பிளந்தார் பாருங்கள், எனக்கு அப்படியொரு பெருமை! வேறு யாருக்காவது ரெய்டு நடந்ததைச் சொல்வதில் பெருமை இருக்குமா தெரியவில்லை. எனக்கு இருக்கிறது, இன்றுவரை.

நாங்கள் அப்போது போபோடியில் ரயில்வே லைனை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. தம்பி கைக்குழந்தை. குடியாத்தத்திலிருந்து இந்த மராட்டி ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நைனாவுக்கு ராணுவத்துக்கு வெடிமருந்து செய்யும் கார்கானாவில் வேலை. ஆனால் டெம்பரவரி. அந்த மாதம்தான் பர்மனென்ட் ஆகப் பெயர் போயிருந்தது. போலீஸ் விசாரித்து "இந்த ஆள்மேல் எந்தக் கேஸும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை முடிச்சோடு குடியாத்தம். நைனா அந்த மாதம் முழுக்க, ரோட்டில் போலீஸ்காரன் சைக்கிளைப் பார்த்தாலே மரியாதையாக ஒதுங்கி நடந்தார்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்போது மதுவிலக்குச் சட்டம் ரொம்பக் கெடுபிடி. அதனாலேயே முளா நதிக்கரைப் புதருக்குள் திருட்டு அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஹாத்பட்டி என்பார்கள். கறுப்பு வெல்லத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சுகிற சரக்கு. சாயங்காலம் காற்று ஆற்றுப் பக்கமிருந்து அடித்தால் அழுகின பழமும் சாக்கடையும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம் வரும். அம்மா உடனே ஜன்னலைச் சாத்துவாள். "கட்டையில போறவனுங்க, ஆத்தையே நாறடிச்சுட்டானுங்க" என்பாள்.

சொன்னால் சிரிப்பீர்கள், ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் உட்கார்ந்து பார்த்த வேலையும் காய்ச்சி வடிக்கிறதுதான். அவளுடைய பிறந்த வீட்டுச் சீர் ஒரு வாலை. வாலை என்றால் தீநீர் வடிக்கிற பாத்திரம். வயிறு பெருத்த செம்புப் பானை, அதன் வாய்க்கு ஒரு மூடி, மூடிக்குமேல் குளிர்ந்த தண்ணீர் நிற்க ஒரு தொட்டி, பக்கவாட்டில் ஒரு நீளக் குழாய். ஓமத்தை ஒன்றிரண்டாக இடித்து ராத்திரியே ஊறப்போட்டுவிடுவாள். மறுநாள் பானையில் ஏற்றி, இடுக்கில் ஆவி போகாமல் கோதுமை மாவைப் பிசைந்து அப்பி, அடுப்பை மெதுவாக எரியவிடுவாள். குழாய் நுனியில் சொட்டு சொட்டாக ஓமத்தண்ணி இறங்கும். மேலே நெய் மாதிரி ஒரு ஏடு மிதக்கும். அந்த வாசனை மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையில் போய் நிற்கும். தம்பிக்கு வயிறு உப்பினால் அரைப் பாலாடை. எதிர்வீட்டு மராட்டிக்கார அக்காவின் குழந்தைக்கும் அதே. அந்தச் சந்தில் வயிற்று வலி என்றால் யாரும் டாக்டரிடம் ஓடமாட்டார்கள், எங்கள் வீட்டுக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

"அம்மா இன்னா பண்றே?" என்று கேட்டால், "மருந்து வடிக்கிறேன்" என்பாள். "நைனா இன்னா பண்றாரு?" என்றால், "மருந்து கார்கானாவுக்குப் போயிருக்காரு" என்பாள். இந்த இரண்டு மருந்தும் வேறு வேறு என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நைனா பிம்ப்ரியில் இருக்கிற மாத்திரை கம்பெனி மாதிரி ஏதோ ஒன்றில் வேலை செய்கிறார் என்றே நினைத்திருந்தேன். தீபாவளிக்குப் புஸ்வாணம் எரிந்து கருகியதைக் காட்டி, "இது உள்ள இருக்குதே, இந்த மருந்துதான் நான் செய்யறது" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அன்றைக்கே நான் எதிர்வீட்டு அக்காவிடம் போய், புஸ்வாணத்துக்குள் இருக்கிறதற்கு மராட்டியில் என்ன பெயர் என்று கேட்டேன். "தாரூ" என்றாள். அவள் சொன்னது சுத்தமான சரி. மராட்டியில் வெடிமருந்துக்கும் தாரூதான், சாராயத்துக்கும் தாரூதான். இரண்டாவது அர்த்தத்தை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருந்துக்கு மராட்டியில் தாரூ என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் விளக்கு வைத்ததும் அம்மா எனக்குத் தமிழ் அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பாள். ஊரிலிருந்து கொண்டுவந்த, அட்டை போன புத்தகம். ஔ வரும்போது மட்டும் தினமும் சண்டை. ஔ, ஔடதம். பக்கத்தில் ஒரு புட்டி படம். "யாரும்மா ஔடதம்னு பேசறாங்க? மருந்துன்னு போட வேண்டியதுதானே?" என்பேன். "மருந்துக்கு ஔ வருமாடி? படி, என்னிக்காவது ஒத்தாசைக்கு வரும்" என்பாள்.

பள்ளிக்கூடம் மராட்டிப் பள்ளிக்கூடம். டீச்சர் புதுசு. வெளுத்த பருத்திப் புடவை, இறுக்கிப் போட்ட கொண்டை, சிரிக்காத முகம். ஒரு வெள்ளிக்கிழமை ஒவ்வொருவராக எழுந்து, "என் அப்பா என்ன வேலை செய்கிறார்" என்று சொல்லச் சொன்னார். ரயில்வே என்றான் ஒருவன். தையல் என்றாள் ஒருத்தி. என் முறை வந்தது. வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ், என் மராட்டியைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். அன்றைக்கு முழுசாக, தப்பில்லாமல் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"மாஜே பாபா தாரூ கர்தாத்."

என் அப்பா தாரூ செய்கிறார். டீச்சர் கண்ணாடியை மூக்கிலிருந்து கழற்றினார். இலக்கணம் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம் இல்லையா? வாய் சும்மா இருந்ததா! அம்மாவும் வீட்டில் செய்கிறாள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டிச் செய்வாள் என்றேன். என் தம்பி பாப்பாகூடக் குடிப்பான், குடித்தால் நன்றாகத் தூங்குவான் என்றேன். பக்கத்து வீட்டாரெல்லாம் கிண்ணம் கொண்டுவந்து வாங்கிப் போவார்கள் என்றும் சொன்னேன்.

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. என் தலையைத் தடவி, "உட்கார் குழந்தை" என்று மட்டும் சொன்னார். அந்த டீச்சரின் புருஷன் ஹாத்பட்டி குடித்தே செத்துப்போனார் என்று நான் பெரியவளான பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மாள் ஒரு குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் போலீஸுக்குச் சொல்லியிருக்கிறார். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. அன்று நிறைய இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் வாலை ஏறியிருந்தது. ஓமத்தண்ணி இரண்டு புட்டி நிறைந்து, மூன்றாவதில் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா தலைதெறிக்க ஓடிவந்தாள். போலீஸ் சந்து முனையில் நின்று, தாரூ காய்ச்சுகிற மதராசி வீடு எது என்று விசாரிக்கிறதாம். அக்கா முகம் போன போக்கில் தாரூ என்ற வார்த்தைக்கு வேறொரு அர்த்தம் இருக்கிறது என்று புரிந்துபோனது. நான் அரிசி டின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நைனா பதறிப்போய் வாலையைத் தூக்கப் போனார். கொதிக்கிற பானை, கை சுட்டது. "ஐயோ" என்று விட்டுவிட்டு வேட்டியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தூக்கினார்.

"எடும்மே, பின்பக்கமாப் போயி ஆத்துல கடாசிட்டு வந்துர்றேன்! பர்மனென்ட் ஆவற நேரத்துல இன்னா சனியன் இது!"

அம்மா குறுக்கே நின்றாள். "கடாசுனா நாம திருட்டு வேலை செஞ்சதா ஆயிடும். இது என் பொறந்த வூட்டுச் சீரு. அடுப்புலயே இருக்கட்டும், வர்றவன் வந்து பாக்கட்டும்."

வந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள், ஒரு பௌஜ்தார். பௌஜ்தார் என்றால் அந்தச் சௌக்கிக்கு, அதாவது சின்னப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, பொறுப்பான அதிகாரி, பெரிய மீசை. கான்ஸ்டபிள் வாலையைப் பார்த்ததும், "பாருங்க ஸாஹேப், சாராயப் பட்டியே எரியுது!" என்று கூவினான். பிறகு மூலைக்குப் போய் எங்கள் மண்சட்டியின் மூடியைத் திறந்தான். முதல்நாள் ஆட்டிவைத்த இட்லி மாவு, இரண்டு படி, நன்றாகப் புளித்து நுரைத்துக் கொப்புளித்துக்கொண்டிருந்தது. அவன் முகர்ந்து பார்த்து, "ரசாயன்!" என்றான். சாராயத்துக்குப் புளிக்கவைக்கிற ஊறலுக்குப் போலீஸ் பாஷையில் ரசாயன் என்று பெயர். நைனா ஹிந்தியில், "நஹி ஸாப், இட்லி, இட்லி" என்று கெஞ்சினார். அந்தக் காலத்து போபோடிக் கான்ஸ்டபிளுக்கு இட்லியைத் தெரியுமா? ரசாயனைக் கண்ட இடத்திலேயே அழிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சட்டியோடு தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தான். வெள்ளை வெளேரென்று மாவு ஓடினதை அம்மா வாசலில் நின்று பார்த்தாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது.

கைப்பற்றியதை எழுதுகிற பஞ்சநாமாவுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டார்கள். "என் பிள்ளை குடிக்கிற ஓவா தண்ணிக்கு நான் சாட்சி போடமாட்டேன், போ!" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஓவா என்றால் ஓமம். பௌஜ்தார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "எல்லாம் சௌக்கியில பேசிக்கலாம்" என்றார்.

வாலையைத் துணி சுற்றிக் கான்ஸ்டபிள் சுமக்க, புட்டிகளை நைனா சுமக்க, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா என் கையைப் பிடித்து நடந்தாள். சந்தே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. எனக்கு அழுகையாக வந்தது. யார் காட்டிக்கொடுத்தது, யார் காட்டிக்கொடுத்தது என்று நைனா வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார். நான் தலையே நிமிரவில்லை.

சௌக்கியில் பௌஜ்தார் நேராகச் சொன்னார். கேஸ் எழுதினால் கார்கானாவுக்குக் கடிதம் போகும். நைனா நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அம்மா தனக்குத் தெரிந்த ஹிந்தியில், "ஸாப், ஆப் பியோ. நஷா ஹுவா தோ ஜெயில் டாலோ" என்றாள். குடித்துப் பாருங்கள், போதை ஏறினால் ஜெயிலில் போடுங்கள் என்கிறாள்! பௌஜ்தார் குடிப்பாரா? லாக்கப்பில் முந்தின நாள் ஆற்றங்கரையில் பிடித்த ஹாத்பட்டிக்காரன் ஒருவன் இருந்தான். "அவனைக் கூப்பிடு, அவனுக்குத்தான் ருசி தெரியும்" என்றார்.

அந்த ஆள் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஒரு மடக்கு வாங்கி ஊற்றிக்கொண்டான். முகம் கோணிற்று. தூ என்று துப்பினான். "என்ன ஸாஹேப், ஞாயித்துக்கிழமையும் அதுவுமா வாயைக் கெடுத்துட்டீங்க! இது குழந்தைக்குக் குடுக்கிற ஓவா. நம்பலைன்னா அடுப்புல ஊத்துங்க. என் சரக்கா இருந்தா கூரை வரைக்கும் தீ எழும்பும்" என்றான், அவனுக்கும் ஒரு தொழில் கர்வம்! டீ போடுகிற அடுப்பில் ஊற்றினார்கள். புஸ் என்று அடுப்பு அணைந்தது. சௌக்கி முழுக்க ஓம வாசனை.

பௌஜ்தார் மீசைக்குள்ளேயே சிரித்துவிட்டார். "சரி, கேஸ் இல்லை. ஆனா இந்தப் பாத்திரம் தாரூ காய்ச்சற பாத்திரம். இதை வெச்சிருந்தா இன்னைக்கு ஓவா, நாளைக்கு வேற ஏதாவது. பாத்திரத்தை விட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்றார்.

நைனா கும்பிட்டே விட்டார். "வா போலாம், தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"உட்டுட்டுப் போனா, தாரூ பாத்திரம்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆயிடும். நாளைக்கு வேற ஒருத்தரு இந்த நாற்காலியில உக்காருவாரு. இந்த வூட்ல பாத்திரம் புடிச்சாங்கன்னு எழுதி இருக்குமா இருக்காதா? உங்க பர்மனென்ட் இன்னா ஆவும்?"

சட்டம் படித்தவளா அவள்? ஐந்தாவது வகுப்பு. நைனாவுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. நைனா அதைத் தமிழில் கேட்டுவிட்டு ஹிந்தியில் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பௌஜ்தாருக்கு எரிச்சல் வந்தது. ஒரு காகிதத்தைத் தள்ளி, "அப்போ இது என்ன பாத்திரம்னு உங்க கையால எழுதிக் குடுங்க. நான் சீல் போட்டுப் பாத்திரத்தைத் திருப்பித் தர்றேன்" என்றார்.

அம்மா தமிழில் ஒரே வரி எழுதினாள். இது மருந்து வடிக்கிற பானை. கீழே தன் பெயர்.

பௌஜ்தார் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது என்ன எழுதியிருக்கு?" நைனா முன்னால் வந்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்க இருங்க. பொண்ணு சொல்லட்டும். அவதான் மராட்டி படிக்கிறா."

என்னைப் பிடித்து மேஜை முன்னால் நிறுத்தினார்கள். மேஜை என் மோவாய் உயரம். இது என்பது தெரியும், பானை தெரியும். மருந்து? எனக்குத் தெரிந்த மராட்டியில் மருந்துக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அதைச் சொன்னால் தொலைந்தோம். நாக்கு நுனியில் தாரூ வந்து நிற்கிறது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். பௌஜ்தார் பேனாவால் மேஜையைத் தட்டுகிறார். நைனா கொப்புளம் வந்த கையை ஊதிக்கொண்டு என்னையே பார்க்கிறார். அப்போது அந்த அட்டை போன புத்தகமும் புட்டி படமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. தமிழிலேயே யாரும் பேசாத வார்த்தை, மராட்டிக்காரருக்குப் புரியுமா? வேறு வழி?

"ஔடத்" என்றேன்.

"காய்?" என்றார். என்ன என்று கேட்கிறார்.

"ஔடத், ஸாஹேப். ஔடத்."

பௌஜ்தார் புருவத்தைச் சுருக்கினார். "ஔஷத்?"

மராட்டியில் ஔஷத் என்றால் மருந்து. வியாதிக்குக் குடிக்கிற மருந்து மட்டும்தான். நான் தலையை ஆட்டிய ஆட்டில் ரிப்பன் அவிழ்ந்துவிட்டது. அவர் அம்மா எழுதியதற்குக் கீழே மராட்டியில் எழுதி, சீல் குத்தினார்.

நைனா அடுத்த மாதம் பர்மனென்ட் ஆனார். அந்தக் காகிதம் மண்ணெண்ணெய்க் கார்டோடு வெகுநாள் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டது. வாலையைத் தின்றது கரையான் இல்லை, நைனாதான். சில வருஷம் கழித்து அம்மா ஊருக்குப் போயிருந்தபோது, பயம் விடாத மனுஷன், பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டார். நமக்கு நல்லதுதானே செய்தோம் என்று நினைத்தார். அம்மா ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கடைசிவரை அதை ஒரு தப்பாக ஒத்துக்கொள்ளவும் இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

மருமகனின் பானையில் போன ஞாயிற்றுக்கிழமை நான் ஓமம் போட்டேன். ஜின் ஆசையெல்லாம் விட்டுவிட்டு, அவரும் கோதுமை மாவு பிசைந்து கொடுத்தார்.

சௌக்கியிலிருந்து திரும்பி வந்ததைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். நைனா பின்பக்கச் சந்து வழியாகப் போகலாம் என்றார். அம்மா கேட்கவில்லை. தம்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு, வாலையைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, கடைத்தெரு நடுவில் நடந்தாள். வெயிலில் செம்பு மின்னியது. நைனா பத்தடி பின்னால் வந்தார். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"இன்னாடி சொன்னே அவருகிட்ட?"

"ஔடதம்னு சொன்னேம்மா."

வாலையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு நைனாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"இதையே அந்த டீச்சரு கேட்டப்பவே சொல்லியிருந்தீன்னா, ரெண்டு படி மாவு மிஞ்சியிருக்கும்டி."

எனக்குக் கால் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டு உன் பிள்ளையே சொன்னது என்று எங்கள் வீட்டு வாசலிலேயே கான்ஸ்டபிள் அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். எல்லாம் தெரிந்துதான், நைனாவின் வேலை ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வார்த்தையைச் சொல்ல அவள் மறுபடியும் என்னையே கூப்பிட்டிருக்கிறாள்.